நூற்றுப் பதினெட்டு இராத்தல்

பழைய மாணவர் மலருக்குக் கட்டுரை கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறீர்கள். "நம் காலத்து உதைபந்தாட்டமும் உடற்பயிற்சியும்" என்று தலைப்பையும் நீங்களே வைத்துவிட்டீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போகக்கூடாது, இளம்பிள்ளைகளுக்கு ஊக்கம் தருவதாக இருக்கவேண்டும் என்று அடியில் ஒரு குறிப்பு வேறு. எனக்கு எழுபத்தெட்டு வயது. ஊக்கம் கொடுக்கிற வயதெல்லாம் போய்விட்டது. இரண்டு பக்கத்துக்கு மேலும் போகும். வெட்டாமல் போடுவதென்றால் போடுங்கள், இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஒன்றுகூடலில் சாப்பாடு முடிந்த பிறகு, மண்டபச் சுவரில் மாட்டியிருக்கிற நம் உதைபந்தாட்ட அணிப் படத்தின் கீழே போய் நிற்கிறோம். கோலியாக நின்றவர் கைத்தடியைத் தூக்கி நடுவில் நிற்பவனைக் காட்டுவார். "பதினஞ்சு வயசுல என்னா ஒடம்பு பாத்தீங்களா. இப்ப உள்ள பிள்ளைகளும் இருக்குதுகளே, முருங்கைக்காய் மாதிரி" என்பார். நீங்கள் எல்லோரும் தலையாட்டுவீர்கள். நானும் அறுபது வருடமாக ஆட்டிக்கொண்டுதான் இருக்கிறேன். இந்த வருடம் என்னால் ஆட்ட முடியாது.

நடுவில் நிற்பவன் என் தாய்மாமன் மகன். நம்மில் எல்லோரும் எல்லோரையும் மச்சான் என்றுதான் கூப்பிட்டோம். எனக்கு அவன் உண்மையான மச்சான்.

மாமா இறந்ததும் மாமி ஒற்றை ஆளாகக் கொழுந்து பறித்தார். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் கிடையாது. அதற்கு மேலேயும் இரண்டு வருடம் அங்கேயே சும்மா உட்கார்ந்திருந்தவனை அம்மா கெஞ்சிக் கூத்தாடி மாத்தளைக்குக் கூட்டிவந்தாள். அப்பா பெரிய தெருவில் ஒரு மிளகுக் கடையில் வேலை. கிராம்பும் கொக்கோவும் மணக்கிற சட்டையோடு வீட்டுக்கு வருவார். மச்சான் வந்த அன்றைக்கே கூடத்தில் வைத்துச் சொல்லிவிட்டார்.

"வீட்ல ஒரு வேளதான் போடலாம். பள்ளிக்கூடத்து டீம்ல சேந்தா அங்க பகலுக்குச் சோறு, பாலு, பணிசு எல்லாம் குடுக்குறாங்களாம். சேந்தியன்னா இரு. இல்லாட்டி மேல போயி கவ்வாத்துக் கத்தியப் புடி."

பதினான்கு வயதுப் பையன் தேயிலைச் செடி வெட்டப் போவதா, படிப்பதா என்பதை ஒரு பந்து தீர்மானிக்கவேண்டியிருந்தது. அப்பாவைக் கெட்டவர் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டில் ஏற்கெனவே ஆறு வாய்.

இனி நம் பி.டி. மாஸ்டர். உங்களுக்கு அவரைச் சொல்லத் தேவையில்லை, ஆனால் மலரைப் பேரப்பிள்ளைகளும் படிப்பார்கள் அல்லவா. கஞ்சி போட்ட காக்கிக் காற்சட்டை, முழங்கால் வரை வெள்ளைக் காலுறை, கழுத்தில் விசில். யுத்த காலத்தில் பட்டாளத்தில் இருந்தவர் என்று நாம் நடுங்கினோம். பட்டாளத்தில் அவர் பார்த்த வேலை, ஒரு முகாமில் அரிசி மூட்டையும் பருப்பு மூட்டையும் நிறுத்து இறக்கியது என்று எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அதனால்தான் தராசின் மேல் அவ்வளவு பக்தி. ஒரு பையனுக்கு ஓட்டம் இருக்கிறதா, பந்து காலில் நிற்கிறதா என்றெல்லாம் அவர் பார்க்கவில்லை. நூறு இராத்தல், இன்றைய கணக்கில் நாற்பத்தைந்து கிலோ, இல்லாதவனுக்கு முதல் அணியில் இடமில்லை. அதுதான் சட்டம்.

அந்தத் தராசு ஞாபகம் இருக்கிறதா? ஏதோ ஒரு தோட்டத்தில் கழித்துப் போட்ட கொழுந்துத் தராசு. வட்ட முகம், விரிசல் விட்ட கண்ணாடி, உள்ளே துருப்பிடித்த முள், கீழே ஒரு கொக்கி. மைதானத்து ஓரம் நின்ற மாரா மரக் கிளையில் அதைக் கட்டித் தொங்கவிட்டு, கொக்கியில் ஒரு சாக்கை ஊஞ்சல் மாதிரி மாட்டியிருந்தார். வெள்ளிக்கிழமை கடைசி மணி அடித்ததும் ஒவ்வொருவராக அதில் ஏறிக் காலைத் தூக்கிக்கொண்டு உட்காருவோம். சாக்கு நார் தொடையில் குத்தும். பச்சைத் தேயிலை வாசம் அதை விட்டுப் போகவே இல்லை. மாஸ்டர் முள்ளைப் பார்த்து எடையைச் சொல்ல, வகுப்புத் தலைவன் கரும்பலகையில் எழுதுவான். திங்கட்கிழமை வரை அது அழிக்கப்படாது. பெண்பிள்ளைகள் அந்த வழியாகத்தான் கிணற்றுக்குப் போவார்கள்.

பலாபத்வல ரோட்டில் விடியற்காலை ஓட்டம். வந்ததும் ஆறு பேர் சேர்ந்து கல் உருளையை இழுத்து மைதானத்தைச் சுற்றவேண்டும். பெயின்ட் டின்னில் சீமெந்து ஊற்றி, இரண்டை ஓர் இரும்புக் குழாயில் கோர்த்து வைத்திருந்தார். அதைத் தலைக்கு மேல் ஐம்பது தரம் தூக்கவேண்டும். முடிந்ததும் ஆளுக்கு ஒரு கை ஊறவைத்த கடலை. அதோடு நாக்கில் ஒரு கல் உப்பு. வியர்வையில் உப்புப் போகிறது, உப்புப் போனால் பலம் போகும் என்பார். ஆனால் பயிற்சி முடியும்வரை தண்ணீர் கிடையாது. "வேலைக்கு நடுவுல தண்ணி குடிச்சா தண்ணி நேரா காலுக்கு எறங்கிரும்" என்பது அவர் கண்டுபிடித்த வைத்தியம். நாக்கில் உப்போடு, எச்சில் ஊறாமல், குழாய்த் தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோமே, அதைத்தான் நீங்கள் இன்று ஒழுக்கம் என்று மேடையில் பேசுகிறீர்கள்.

மச்சான் முதல் வெள்ளிக்கிழமை எண்பத்துநான்கு இராத்தல் இருந்தான். நான் எண்பத்தாறு. ஆனால் அவன் ஓடினால் மலை ஆடு. வெறுங்காலால் பந்தை உதைத்தால் அது பக்கத்து வளவில் போய் விழும். கல் உருளையை இழுக்கும்போது அவன் பக்கம்தான் முன்னால் போகும். எட்டு வயதிலிருந்து விறகும் தண்ணீரும் சுமந்து மலை ஏறி இறங்கியவனுக்கு அது பெரிய காரியமா. மாஸ்டர் உதட்டைப் பிதுக்கினார். "ஆளு நல்லாத்தான் இருக்கான். எடதான் இல்ல. பாப்போம்."

ரிசேர்வ் என்ற பெயரில் இரண்டு மாதத் தவணை கொடுத்தார். அது வரைக்கும் பாலும் சோறும் உண்டு.

அந்த இரண்டு மாதமும் எங்கள் இருவருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி. வாழைப்பழம், மரவள்ளிக் கிழங்கு, கல்யாண வீட்டுச் சோறு, கண்டதையெல்லாம் விழுங்கினோம். ஒரு வெள்ளிக்கிழமை நான் மாரா மரத்துக்கு வருமுன் குழாயடியில் குனிந்து வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன். சாக்கில் உட்கார்ந்தபோது முள் தொண்ணூற்று மூன்றைத் தொட்டது. மாஸ்டர் என்னை இறங்கச் சொல்லிக் குதிக்கச் சொன்னார். குதித்தேன். வயிற்றுக்குள் தண்ணீர் குடத்தில் தளும்புகிற மாதிரித் தளும்பியது. எல்லோரும் சிரித்தீர்கள்.

"தண்ணிக்கு மூணு கழிச்சு தொண்ணூறுன்னு எழுது" என்றார் மாஸ்டர்.

தண்ணீரைக் கழிக்க அவருக்குத் தெரிந்திருந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மச்சானுக்குக் காலெல்லாம் சிரங்கு. தோட்டத்தில் அட்டை கடித்த இடங்களைச் சொறிந்து சொறிந்து புண்ணாகி, சீழ் கட்டி, பந்து பட்டால் உடைந்து ஒழுகும். அம்மா வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் போட்டாள். சிரங்கு காய்ந்தது. காய்ந்து இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் அவன் முகம் உப்பியிருந்தது. கண் இரண்டும் பாதிதான் திறந்தன. "நல்லாத் தூங்கியிருக்கான் பிள்ள" என்றாள் அம்மா.

அடுத்த வெள்ளிக்கிழமை தொண்ணூற்றாறு. அதற்கடுத்தது நூற்றிரண்டு.

நூற்றிரண்டு என்று மாஸ்டர் கூவியபோது நீங்கள் அவனைச் சாக்கோடு தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றினீர்கள். அவன் சிரித்துக்கொண்டே என்னைத் தேடினான். நான் தொண்ணூற்றொன்றோடு குழாயடியில் நின்றேன். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அப்பா அவனுக்கு இரண்டாம் தரம் சோறு போடச் சொன்னார். இனி மேலே போகத் தேவையில்லை என்று அம்மா அழுதாள். வெள்ளிக்கிழமையாகையால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போட்டாள். ஊர்க்கண் படுகிறதாம். மிளகாய் நெடியில் அவன் இருமி இருமி மூச்சு வாங்கினான். அந்த இருமல் அதற்குப் பிறகு நிற்கவில்லை.

ஒருநாள் வேலி ஓரத்தில் இருவரும் ஒன்றுக்குப் போனோம். அவனுடையது பால் விடாத சாயத்தண்ணி நிறத்தில் இருந்தது. சவர்க்கார நுரை மாதிரி நுரைத்து, மண்ணில் அப்படியே நின்றது. நான் பார்த்ததை அவன் பார்த்துவிட்டான்.

"வீட்ல சொல்லிப்புடாத மச்சான்" என்றான். "நோவுன்னா மேல அனுப்பிருவாங்க. மேல போனா கவ்வாத்துதான். இந்த வருசம் பாஸ் பண்ணிட்டேன்னா போதும்."

சொல்லமாட்டேன் என்றேன். அவன் என் கையை இறுக்கிப் பிடித்தான். அவன் விரல்கள் பணிஸ் ரொட்டி மாதிரி மெத்தென்று இருந்தன.

சொல்லமாட்டேன் என்றவன் அடுத்த வாரமே சொன்னேன். அவன்மேல் இருந்த அக்கறையால் சொன்னேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே கதை விட்டிருக்கிறேன். அக்கறை அல்ல, பொறாமை. நூற்றொன்பது இராத்தல் என்று பலகையில் எழுதிய அன்று, அவன் காலுறையைக் கழற்றும்போது காலுறை விளிம்பு பதிந்த இடத்தில் ஒரு வாய்க்கால் மாதிரிப் பள்ளம் கிடந்தது. நான் விளையாட்டாகக் கட்டைவிரலால் அவன் முழங்காலுக்குக் கீழே அழுத்தினேன். விரலை எடுத்தபிறகும் குழி குழியாகவே நின்றது. நூறுவரை எண்ணினேன். குழி நிரம்பவில்லை.

ஓடிப்போய் மாஸ்டரைக் கூட்டிவந்தேன். "சேர், இது சத இல்ல சேர். அமுக்கிப் பாருங்க, குழி விழுது. இவன் எடையும் பொய் எட."

மாஸ்டர் குனிந்து அழுத்திப் பார்த்தார். குழி விழுந்ததை அவரும் பார்த்தார். அதை நான் சத்தியம் செய்வேன். விரலைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"புதுச் சத அப்புடித்தான் இருக்கும். மொதல்ல மாவு மாதிரி, அப்புறம் கல்லு மாதிரி. எக்ஸசைஸ் பண்ணப் பண்ண எறுகிரும்." என்னிடம் திரும்பினார். "ஒனக்கு நூறு வரலன்னு வயித்தெரிச்சலா? கைய நீட்டு."

இரண்டு உள்ளங்கையிலும் மும்மூன்று பிரம்படி. அன்றிலிருந்து எனக்கு நீங்கள் வைத்த பெயர் வயித்தெரிச்சல். மச்சான் அந்தப் பெயரை ஒருநாளும் சொல்லவில்லை. அன்று சாயந்தரம் என் கையில் தேங்காயெண்ணெய் தடவிவிட்டான். சொல்லிவிட்டாயே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

மாஸ்டர் அவனுக்கு மட்டும் உப்பை இரண்டு கல்லாக்கினார். சதை சீக்கிரம் இறுகுவதற்காக.

பூட்ஸ் விஷயம் ஒன்று இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இருந்த ஆறு சோடியில் மிகப் பெரியதை அவனுக்குக் கொடுத்திருந்தார்கள். மூன்றாம் வாரம் அதற்குள் கால் போகவில்லை. மாஸ்டர் சவர அலகால் இரண்டு பக்கமும் தோலைக் கிழித்து, சணல் கயிற்றால் தளர்த்திக் கட்டிவிட்டார். கட்டிக்கொண்டே, "காலும் வளருதுடா. ஆளு பெரிய ஆளா வருவான்" என்று பெருமைப்பட்டார். அந்தப் பூட்ஸ் வெகுகாலம் நம் விளையாட்டு அறை அலுமாரியில் கிடந்தது. பிறகு யாரோ குப்பையில் போட்டுவிட்டார்கள். நான் கேட்டு வாங்கி வைத்திருக்கவேண்டும்.

இதற்குள் அப்பாவுக்கும் மாஸ்டருக்கும் ஒரு போட்டி வந்துவிட்டது. கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் அப்பா சொல்லுவார்: "தோட்டத்துலேருந்து வரும்போது ஓணான் மாதிரி வந்தான். நம்ம வீட்டுச் சோறு, இப்பப் பாருங்க." மாஸ்டர் கடைக்கு மிளகு வாங்க வந்தபோது, "சோறு எல்லாரும்தான் திங்கிறாங்க. ஒடம்ப உண்டாக்குறது பயிற்சி" என்று முகத்துக்கு நேரே சொன்னாராம். அப்பா அதை வீட்டில் வந்து சொல்லிச் சொல்லிக் கொதித்தார். அந்த நேரத்தில் மச்சான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தான். படுத்தால் அவனுக்கு மூச்சு முட்டும். இரண்டு பேர் சொந்தம் கொண்டாடின உடம்புக்குள் அவன் எப்படி இருக்கிறான் என்று யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

மாசி மகத் தேருக்கு மாமி வந்தார். தேர் அன்று தோட்டத்து ஆட்கள் லொறியில் ஏறி வந்து இறங்குவார்கள். மாமி கையில் ஒரு தேங்காயும் கற்பூரமும் ஒரு பொட்டலம் வறுத்த கச்சான் கடலையும் இருந்தன. கச்சான் மகனுக்கு. நாலு மாதத்துக்குப் பிறகு மகனைப் பார்க்கிறார். கதவடியில் நின்றவர் உள்ளே வரவில்லை.

"பாத்தீங்களா தங்கச்சி ஒங்க மகன" என்றார் அப்பா, தானே பெற்ற மாதிரி. "நூத்திப் பதினெட்டு ராத்தல். நாளன்னைக்கி கண்டிப் பள்ளிக்கூடத்தோட மேட்ச்."

மாமி வந்து அவன் முன்னால் குந்தினார். காற்சட்டைக்குக் கீழே அவன் காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கொழுந்து கிள்ளிக் கிள்ளிக் கறுத்து வெடித்த விரல். எடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். கச்சான் பொட்டலம் மடியிலிருந்து சரிந்து தரையில் கொட்டியது.

"இது சத இல்லண்ணே. தண்ணி."

"என்னா தண்ணி?"

"மழைக் கொழுந்து கொண்டாந்தா கணக்கப்பிள்ள தண்ணிக்கு அஞ்சு ராத்தல் கழிப்பாரு. வெயில் கொழுந்துக்கும் ரெண்டு கழிப்பாரு. இருவது வருசமா கழிச்சு கழிச்சுப் பாத்த எடண்ணே இது. கூடையத் தூக்கும்போதே தெரியும், எது கொழுந்து, எது தண்ணின்னு." அவர் குரல் உயரவில்லை. "என் பிள்ளைக்கி எவ்வளவு கழிச்சீங்க?"

அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்கு இன்றும் காதில் இருக்கிறது. படிக்காதவர்களிடம் சிரிக்கிற சிரிப்பு. "கொழுந்தும் பிள்ளையும் ஒண்ணாம்மா? படிச்ச மாஸ்டர் பாத்துட்டுத்தானே சொல்றாரு."

"டாக்டருகிட்ட காட்டுங்கண்ணே. கையெடுத்துக் கும்புடுறேன்."

அம்மா முந்தானையைப் பிசைந்துகொண்டு அப்பாவைப் பார்த்தாள். அப்பாவுக்கு லேசாகச் சந்தேகம் தட்டியிருக்கவேண்டும். என்னைக் கூப்பிட்டார். "நீதானே அவன்கூடவே திரியிற. சொல்லு. இவனுக்கு ஏதாச்சும் நோவு நொடி இருக்கா?"

அத்தனை நாளில் பெரியவர் ஒருவர் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்டது அந்த ஒரு தடவைதான். மாமி என்னைப் பார்த்தார். மாமியின் தலைக்கு மேலே மச்சானும் என்னைப் பார்த்தான். உப்பிய முகத்தில் இரண்டு கோடாகத் தெரிந்த கண்கள். தலையை மிக லேசாக, வேண்டாம் என்று ஆட்டினான்.

"இல்லப்பா. நல்லாத்தான் இருக்கான்" என்றேன்.

அவனுக்காகத்தான் சொன்னேன் என்றால் பாதி உண்மை. மாஸ்டரிடம் வாங்கிய அடி உள்ளங்கையில் இன்னும் இருந்தது. உண்மையைச் சொல்லி மறுபடியும் வயித்தெரிச்சல் என்று பெயர் வாங்க நான் தயாராக இல்லை. பெரியவர்களே, நீங்கள்தானே சொன்னீர்கள் புதுச் சதை என்று, அப்படியே இருக்கட்டும் என்று ஒரு வீம்பு. பதினான்கு வயதுக்கு அந்த வீம்பு பெரிதாக இருந்தது.

மாமி கொட்டிய கச்சானை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மறுபடி பொட்டலத்தில் போட்டு மகன் கையில் கொடுத்தார். சாயந்தர லொறியில் போய்விட்டார். மறுநாள் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்கு நிற்காவிட்டால் பெயர் வெட்டுவார்கள்.

மேட்ச்சைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, நீங்கள் வருடா வருடம் பேசுகிறீர்கள். ஒன்றுக்குப் பூச்சியம். பின்காவலில் பெக்காக நின்ற மச்சான் ஓடவே இல்லை, ஓட முடியவில்லை. கண்டிப் பையன்கள் அவன்மேல் வந்து மோதி விழுந்தார்கள். அவன் கோலுக்கு முன்னால் நின்று வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். கோலி, நீங்கள்கூட ஒருதரம் "தள்ளி நில்லுடா, பந்து தெரியல்ல" என்று கத்தினீர்கள். இடைவேளையில் எல்லோருக்கும் தோடம்பழச் சுளை கொடுத்தார்கள். அவனுக்கு உப்பு. ஆட்டம் முடிந்ததும் படம் எடுத்தோம். படத்தில் அவன் கையைக் கட்டிக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். நெஞ்சை நிமிர்த்தாவிட்டால் அவனுக்கு மூச்சு வரவில்லை. நான் ரிசேர்வ், ஓரத்தில் நிற்கிறேன். பாதி முகம்தான் விழுந்திருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை வகுப்பில் அவனுக்கு இழுப்பு வந்து விழுந்தான். பெஞ்சோடு சேர்த்துத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். சிங்களத் தாதி ஒருத்தி அவன் காலை அமுக்கிப் பார்த்துவிட்டு, "ஒக்கோம வத்துர" என்று பக்கத்தில் நின்றவளிடம் சொன்னாள். எல்லாம் தண்ணீர். மாமி சொன்னதையேதான் அவள் சொன்னாள். வெள்ளைத் தொப்பி போட்டுக்கொண்டு சொன்னதால் அப்பா நம்பினார். சிரங்கின் நஞ்சு சிறுநீரகத்தில் இறங்கிவிட்டது, உப்புக் கொடுத்திருக்கக்கூடாது, ஓடவிட்டிருக்கக்கூடாது, ஒரு மாதத்துக்கு முன்னால் கொண்டுவந்திருக்கவேண்டும் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். அப்பா எல்லாவற்றுக்கும் "எஸ் சேர், எஸ் சேர்" என்றார்.

ஊசி குத்தி வயிற்றிலிருந்து தண்ணீர் எடுத்தார்கள். மருந்துக்கும் கொஞ்சம் இறங்கியது. நாளுக்கு நாள் அவன் கரைந்தான். கன்னம் போயிற்று, தொடை போயிற்று, நீங்கள் தூக்கிச் சுற்றின அந்த உடம்பு முழுவதும் வாளி வாளியாகப் போயிற்று. தண்ணீருக்குக் கீழே ஒன்றும் இல்லை. எலும்பும் சிரங்குத் தழும்பும் இருந்தன. அந்த வார்டில் மேடை வைத்த தராசு ஒன்று இருந்தது. மூன்றாவது வாரம் அவனை ஏற்றி நிறுத்தார்கள். நான் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்தேன்.

எழுபத்தொன்று.

தோட்டத்திலிருந்து வரும்போது எண்பத்துநான்கு இருந்தவன். அவன் என்னைப் பார்த்து, "எவ்வளவு மச்சான்?" என்று கேட்டான்.

"நூத்தி மூணு" என்றேன்.

"அப்ப டீம்ல இருக்கேன்" என்றான். இரண்டு நாள் கழித்துப் போய்விட்டான்.

சோறும் பயிற்சியும் போட்ட சண்டை இப்போது திரும்பியது. "தோட்டத்துலேருந்தே வியாதியோட வந்த பையன்" என்று மாஸ்டர் காலைக் கூட்டத்தில் இரண்டு நிமிடம் மௌனம் அனுஷ்டித்துவிட்டுச் சொன்னார். "அந்த மனுசன் உப்பப் போட்டே கொன்னுட்டான்" என்று அப்பா கடையில் சொன்னார். இருவரும் சாகும்வரை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தராசு அதற்கடுத்த வெள்ளிக்கிழமையும் மாரா மரத்தில் தொங்கியது. நான் ஏறவில்லை. அதற்குப் பிறகு நான் பந்தைத் தொட்டதும் இல்லை.

பல வருடம் கழித்து மாமிக்கு இந்தியாவுக்குப் போகக் கடவுச்சீட்டு வந்தது. அவர் பிறந்தது இங்கே, தாய் பிறந்ததும் இங்கே. ஆனாலும் இரண்டு நாடும் ஒப்பந்தம் போட்டுப் போகச் சொல்லிவிட்டன. மாத்தளை ஸ்டேஷனில் வழியனுப்ப நான் மட்டும்தான் போனேன். தகரப் பெட்டி ஒன்று, சாக்கில் சுற்றிய அம்மிக்கல் ஒன்று. ரயில் கிளம்ப நேரம் இருந்தது. மாமி பெட்டிமேல் உட்கார்ந்து என்னைக் கீழே உட்காரச் சொன்னார். என் காற்சட்டையைக் கொஞ்சம் தூக்கி முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். குழி விழவில்லை. அழுத்திய இடத்தைக் கையால் தடவிவிட்டார்.

"ஒன்னு கேக்கணும் தம்பி" என்றார். "அன்னைக்கி ஒங்கப்பா கேட்டப்ப நீ இல்லன்னு சொன்னியே. ஒனக்குத் தெரியாதுதானே?"

அந்தக் கேள்வியை அவர் பத்துப் பன்னிரண்டு வருடம் மடியில் கட்டி வைத்திருந்திருக்கிறார். கடல் தாண்டுவதற்கு முன் அதை இறக்கிவைக்க வந்திருக்கிறார்.

"தெரியாது மாமி" என்றேன்.

"அப்பச் சரி" என்றார். "சின்னப் பிள்ளைக்கி என்னா தெரியும். நாந்தான் அன்னைக்கி அவனக் கையோட கூட்டிட்டுப் போயிருக்கணும். எனக்குத் தெரியும். தெரிஞ்சும் உட்டுட்டுப் போனேன்."

ரயில் வந்து ஏறிப் போகும்வரைக்கும் எனக்கு நேரம் இருந்தது. சொல்லவில்லை. என் பங்கையும் தன் தலையில் ஏற்றிக்கொண்டு அவர் போனார். அதற்குப் பிறகு ஒரு கடிதம் கிடையாது. எங்கே போய் இறங்கினார், எங்கே செத்தார் என்று எனக்குத் தெரியாது.

எனக்குத் தெரியும் மாமி. சாயத்தண்ணியும் தெரியும், நுரையும் தெரியும், குழியும் தெரியும். இதை நான் வாயால் சொன்னதில்லை, இப்போதுதான் எழுதுகிறேன், அதுவும் உங்களுக்கு எட்டாத ஒரு மலரில்.

நண்பர்களே, அட்டையில் அந்தப் படத்தைத்தான் போடப் போகிறீர்கள் என்றும், மாஸ்டர் எடை எழுதிவைத்த பழைய கொப்பி அகப்பட்டிருப்பதால் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் அன்றைய எடையையும் அச்சிடப் போகிறீர்கள் என்றும் கேள்விப்பட்டேன். போடுங்கள். என் பெயருக்கு நேரே தொண்ணூற்றொன்று என்று இருக்கும், அது சரியான எடைதான். அவனுடையதை மட்டும் அடித்துவிட்டு எழுபத்தொன்று என்று போடுங்கள். முடியாது என்றால் என் பாதி முகத்தையும் படத்திலிருந்து வெட்டிவிடுங்கள்.